பால்கனி டிக்கெட் ரெண்டு!

நம் ஊரில் பால்கனி என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஃப்ளாட்டில் என்றால், காலி பெயின்ட் டப்பா, ஓடாத சைக்கிள், காயாத துணி ஆகியவை குடியிருக்கும் இடம். சினிமாத் தியேட்டரில் என்றால், தரை டிக்கெட்காரர்கள் விசிலடிப்பதை மேலேயிருந்து கௌரவமாக வேடிக்கை பார்க்கும் இடம். கப்பல் பால்கனி இந்த இரண்டும் சேர்ந்த கலவை. அளவில் ஃப்ளாட், காசில் தியேட்டர்!

உல்லாசக் கப்பலில் பால்கனி வைத்த அறை எடுத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, கூடுதலாகக் கொடுக்கும் பணம் செல்லுபடியாகுமா, இல்லை கடலில் கரைத்த பெருங்காயமா? இதைத்தான் சொல்லப் போகிறேன். அடியேன் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். எனவே கடைசியில் கணக்கும் உண்டு.

நான் போனது 2024 ஆகஸ்டில். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவில் போர்ட் கிளாங், பினாங்கு இரண்டையும் தொட்டுவிட்டு மறுபடி சிங்கப்பூர். மூன்று ராத்திரி. கப்பலின் பெயர் வேண்டாம். பாராட்டினால் 'எவ்வளவு வாங்கினே?' என்பீர்கள். குறை சொன்னால் அவர்கள் வக்கீல் கேட்பார்.

கூட வந்தவர் என் அப்பா. வயது 74. தாலுகா ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். இரண்டு முழங்காலும் அவருக்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டன. எனக்கு ஒரு ஆர்.டி. மெச்சூர் ஆகியிருந்தது. அதை வைத்து அவரை எங்காவது அழைத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்து, "காசியா, ராமேஸ்வரமா?" என்று கேட்டேன். "பினாங்கு" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார். எங்கள் அப்பா 'சும்மாதான்' என்று சொன்னால், அதற்குள் ஒரு பெரிய ஃபைல் இருக்கிறது என்று அர்த்தம். ஃபைல் பிற்பாடு திறந்தது. முதலில் ரூம் விஷயம்.

எந்தக் கப்பலிலும் அறைகள் ஏறக்குறைய நாலு ஜாதி. ஒன்று, ஜன்னலே இல்லாத உள் அறை. இரண்டு, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. மூன்று, பால்கனி. நான்கு, ஸூட். இந்த நாலாவதின் விலையைப் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. எங்கள் பயணத்தில் உள் அறைக்கும் பால்கனி அறைக்கும் இரண்டு பேருக்குச் சேர்த்து வித்தியாசம் 24,000 ரூபாய்.

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பரிடம் யோசனை கேட்டேன். "தூங்கறதுக்கு எதுக்கு ஸார் ஜன்னல்? கண்ணை மூடினா எல்லா ரூமும் ஒண்ணுதான்!" என்றார். நியாயமான பேச்சு. ஆனால், தூங்குவதற்கு என்றால் எங்கள் வீட்டிலேயே ஒரு ரூம் இருக்கிறது, இலவசமாக.

இப்போது எல்லாப் பெரிய கப்பலிலும் வரிசை வரிசையாகப் பால்கனி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் புறா வளர்க்கும் கூண்டு மாதிரி தெரியும். முன்னாளில் இப்படி இல்லை. 1912-ல் டைட்டானிக் புறப்பட்டபோது, சொந்தமாக உலாவும் தளம் வைத்த ஸூட் அந்த மகா கப்பலிலேயே இரண்டே இரண்டுதான். 1984-ல் 'ராயல் பிரின்சஸ்' என்ற கப்பல் வந்தது. இங்கிலாந்து இளவரசி டயானா பெயர் சூட்டினார். அதில் எல்லா அறைகளும் கடலைப் பார்த்தவை. பலவற்றுக்குப் பால்கனியும் உண்டு. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும், 'அடடா, ஒரு கண்ணாடிக் கதவு, ரெண்டு நாற்காலி போட்டால் இவ்வளவு வசூலா!' என்று கண்டுகொண்டன. 1990-களில் பால்கனி பெருக ஆரம்பித்தது. 2009-ல் வந்த 'ஒயாஸிஸ் ஆஃப் தி ஸீஸ்' கப்பலில், கடலைப் பார்க்காமல் கப்பலுக்கு உள்ளேயே இருக்கும் பூங்காவைப் பார்க்கும் பால்கனிகூட வைத்தார்கள். கடலில் போய் மரம் பார்ப்பது. மனிதனின் மனசுக்கு எல்லையே இல்லை, ஸார்!

புக் செய்யும்போது கவனிக்க வேண்டியவை நாலைந்து உண்டு. இவற்றை டிராவல் ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

முதலாவது, 'கேரன்டி' என்று ஒரு வகை விற்பார்கள். விலை குறைவு. ஆனால் எந்த அறை என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். உயிர்காக்கும் படகுக்கு நேர் மேலே உள்ள அறை வாய்த்தால், பால்கனியில் நின்று மூன்று நாளும் ஆரஞ்சு நிறக் கூரையைத் தரிசிக்கலாம். அறை எண்ணை நாமே தேர்ந்தெடுக்கிற மாதிரி எடுத்து, கப்பலின் டெக் பிளானில் அந்த எண்ணுக்குக் கீழே படகு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது? நீச்சல் குளத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நேர் கீழே உள்ள அறை என்றால், விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் சுப்ரபாதமாகக் கேட்கும். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளம்தான் உத்தமம்.

மூன்றாவது, கப்பல் ஆடும்போது மூக்கும் வாலும்தான் அதிகம் ஏறி இறங்கும். சீ-ஸா பலகை மாதிரி. நடுவில் உட்கார்ந்தவனுக்குக் கஷ்டம் குறைவு. பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து மலை ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான்காவதுதான் முக்கியம். இடப்பக்கமா, வலப்பக்கமா? கப்பல் பாஷையில் இடது 'போர்ட்', வலது 'ஸ்டார்போர்டு'. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குப் போவது என்றால் மலாக்கா ஜலசந்தி வழியாக வடமேற்கே போவது. வலப்பக்கம் மலேசியக் கரை, இடப்பக்கம் சுமத்ரா. கப்பல்களும் சாலை மாதிரி தத்தம் வலது ஓரமாகவே போக வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே போகும்போது மலேசியா பக்கம் ஒதுங்கிப் போகும். வலப்பக்க அறைக்குக் கரையோர விளக்குகள் தெரியும். பினாங்குத் தீவையும் கரையையும் சேர்க்கும் பாலம் 1985-ல் திறக்கப்பட்டது. அதன் அடியில் இவ்வளவு உயரக் கப்பல் நுழைய முடியாது. ஆகவே தீவை மேற்கே சுற்றி, வடக்கு வாசல் வழியாகத்தான் துறைமுகத்துக்குள் வர வேண்டும். அப்படி வரும்போது ஜார்ஜ் டவுன் நகரம் வலப்பக்கமாக வரும். திரும்பி வரும்போது தெற்கே போவதால், சூரியன் வலப்பக்கம் விழும். இத்தனையும் அட்லஸை விரித்து வைத்து, லஞ்ச் அவரில் பென்சிலால் கோடு போட்டுக் கண்டுபிடித்தேன். பத்தாவது தளம், நடுப்பக்கம், வலது. நண்பர் எட்டிப் பார்த்து, "என்ன ஸார், கப்பலை நீங்கதான் ஓட்டப் போறீங்களா?" என்றார்.

ஐந்தாவதாக ஒன்று. சிங்கப்பூர் விசா எடுக்கும்போது, பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பாருங்கள். கப்பல் வெளியே போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் வருகிறது. 'போகலாம், வரக் கூடாது' என்றால் மீதி வாழ்க்கையை மலாக்கா ஜலசந்தியில்தான் கழிக்க வேண்டியிருக்கும்!

மரினா பே துறைமுகத்தில் ஏறினோம். அறைக் கதவைத் திறந்ததும் அப்பா முதலில் பார்த்தது பாத்ரூமை. "ஒருத்தர் சோப்புப் போட்டுத் திரும்பினா முழங்கை இடிக்கும்போலிருக்கே" என்றார். உண்மை. கப்பல் அறை மொத்தமே இருநூறு சதுர அடிக்குள்தான். கட்டில், ஒரு சோபா, ஒரு மேஜை, அலமாரி. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். அதற்கு அப்பால் கனமான கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளினால் பால்கனி. இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை, கால் நீட்டினால் தடுப்பைத் தொடும். நெஞ்சு உயரத்துக்குக் கம்பி, அதற்குக் கீழே கண்ணாடி. உட்கார்ந்தபடியே கடல் தெரியும் என்பதுதான் அந்தக் கண்ணாடியின் மகிமை. முழங்கால்வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

விளம்பரப் படத்தில் அந்தப் பால்கனியில் ஒரு ஜோடி படுத்துக்கொண்டு திராட்சை சாப்பிடும். நம்ப வேண்டாம். அந்த இடத்தில் திராட்சை படுக்கலாம், ஜோடி படுக்க முடியாது.

கப்பல் கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2012-ல் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அதில் கடைசியாக ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. இப்போது புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும். உயிர்காப்புச் சட்டை எங்கே, எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைச் சிரத்தையாகத் தெரிந்துகொள்ளுங்கள். எலெக்‌ஷன் பூத் மாதிரி, போய்க் கையைக் காட்டிவிட்டு வருவது உதவாது.

சரி, பால்கனி அனுபவத்துக்கு வருவோம். முதல் பாடம்: ஏ.ஸி.யும் பால்கனியும் ஜன்ம விரோதிகள். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தால் பல கப்பல்களில் ஏ.ஸி. தானாக நின்றுவிடும். வெளியே வெப்பக் காற்று, கசகசவென்று சென்னை மே மாதம் மாதிரி. காமிராவை உள்ளேயிருந்து எடுத்து வந்தால் லென்ஸில் பனி படர்ந்துவிடும். ஐந்து நிமிஷம் பொறுத்துத்தான் படம் எடுக்க முடியும். நாற்காலியில் எப்போதும் ஒரு உப்புப் பிசுபிசுப்பு உண்டு. துண்டு போட்டு உட்காருவது உத்தமம்.

இரண்டாவது பாடம்: பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது நடைபாதைப் பக்கக் கதவைத் திறக்கக் கூடாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பாயும். மேஜைமேல் இருந்த பேப்பரெல்லாம் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போய்விடும். கதவு 'டமார்' என்று அறைந்துகொள்ளும். இடையில் விரல் இருந்தால் விரலும் ரிட்டயர்மென்ட்!

மூன்றாவது பாடத்தை அப்பா நடத்தினார். குளித்துவிட்டு வந்து, வேட்டியை உதறி, பால்கனிக் கம்பியில் அழகாகக் காயப் போட்டார். கப்பலுக்குக் கொடி ஏற்றியது மாதிரி இருந்தது. அரை மணியில் அறை உதவியாள் பையன் வந்து, மிகவும் பணிவாக, "ஸார், நாட் அலவ்டு" என்றான்.

"ஈரத் துணிடா தம்பி, ஒரு மணி நேரத்துல காஞ்சுடும்" என்றார் அப்பா, தமிழில். அவன் பிலிப்பைன்ஸ் பையன். என்ன புரிந்ததோ, "யெஸ் ஸார், பட் நாட் அலவ்டு" என்றான்.

காற்றில் துணி பறந்து போய்க் கீழ்ப் பால்கனியில் விழும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், நெருப்பு. 2006 மார்ச்சில் 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற கப்பல் ஜமைக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நடு ராத்திரியில் ஒரு பால்கனியில் தீ பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். பால்கனித் தடுப்புகள் பிளாஸ்டிக், நாற்காலிகள் பிளாஸ்டிக். காற்றில் தீ தளம் தளமாக ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளுக்குச் சேதம். புகையில் ஒரு பயணி இறந்தார். அதற்குப் பிறகுதான் பால்கனியில் எரியாத சாமான்களே இருக்க வேண்டும், தீயணைக்கும் தெளிப்பான் வேண்டும் என்று சர்வதேச விதியைத் திருத்தினார்கள். இதை அப்பாவுக்குச் சொன்னேன். பேசாமல் வேட்டியை எடுத்து மடித்து, பாத்ரூமில் காயப் போட்டார்.

பக்கத்து அறைக்காரருக்கு இந்தச் சரித்திரம் தெரியாதுபோலும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒளிந்து ஊதினார். அதோடு செல்போனில் ஸ்பீக்கர் போட்டு யாரிடமோ பிசினஸ் பேசினார். ஒரு கன்டெய்னர் வெங்காயத்தின் விலை இப்போது எனக்கு மனப்பாடம். பால்கனியில் தனிமை கிடைக்கும் என்பது பாதி உண்மைதான். பார்வைக்குத் தடுப்பு உண்டு, காதுக்கும் மூக்குக்கும் கிடையாது. ரொம்பத் தொந்தரவு என்றால் வரவேற்பு மேஜையில் சொல்லலாம், வந்து கண்டிப்பார்கள். அதே தடுப்பில் ஒரு நல்லதும் உண்டு. குடும்பமாகப் பக்கத்துப் பக்கத்து அறை எடுத்தால், கேட்டுக்கொண்டால் நடுவில் உள்ள தடுப்பைத் திறந்துவிடுகிற கப்பல்கள் இருக்கின்றன. கூட்டுக் குடும்பம், பத்தாவது மாடியில்!

முதல் நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு அப்பா பால்கனியில் உட்கார்ந்தார். கீழே நாட்டியம், மாஜிக் ஷோ, சூதாட்டம், பஃபே எல்லாம் நடந்துகொண்டிருந்தன. நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்தேன். அதே நாற்காலி, அதே அப்பா. மலாக்கா ஜலசந்தி உலகத்திலேயே நெரிசலான கடல் பாதைகளில் ஒன்று. வருஷத்துக்கு 80,000-க்கும் மேல் கப்பல்கள் போகின்றன. எங்கள் பக்கம் கரை விளக்குகள், மீன்பிடிப் படகுகள், நாங்கள் முந்திக்கொண்டு போன சரக்குக் கப்பல்கள். மவுன்ட் ரோடு மாதிரி, ஹார்ன் மட்டும் கிடையாது.

"தூங்கலையாப்பா?"

"அன்னிக்கும் தூங்கலை" என்றார்.

"என்னிக்கு?"

ஃபைல் திறந்தது.

பழைய ஆட்களுக்கு 'ரஜுலா' என்றால் தெரியும். எஸ்.எஸ். ரஜுலா. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் இன்றைக்கு போர்ட் கிளாங். அதாவது எங்கள் உல்லாசக் கப்பல் போனது ரஜுலாவின் அதே பாதை! ரஜுலாவில் மேல் வகுப்பு அறைகள் கொஞ்சம் இருந்தன. மற்றபடி ஆயிரக்கணக்கான பேர் 'டெக் பாசஞ்சர்'. அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். சுத்தமான தரை டிக்கெட். ரஜுலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985-ல் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே முடிந்தது.

எங்கள் தாத்தா பினாங்கில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், ஒரு மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளை. அப்பா பிறந்தது அங்கேதான் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வயசில் ஊருக்கு வந்தார் என்பதும் தெரியும். எப்படி வந்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"1959. அம்மா, நான், உங்க அத்தை மூணு பேரும் நாகப்பட்டினத்துக்கு. பசங்க ஊர்ல படிக்கட்டும்னு தாத்தா அனுப்பிட்டார். அவர் ரெண்டு வருஷத்துல வந்துடறேன்னார். டிரங்குப் பெட்டியைச் சுத்தி வச்சு நடுவுல பாயைப் போட்டு, அதுதான் எங்க ரூம். மழை வந்தா தார்ப்பாயை இறக்குவான். உள்ளே புழுங்கும். ஒருத்தர் வாந்தி எடுத்தா வரிசையா எல்லாரும் எடுப்பாங்க. கப்பல் கிளம்பும்போது நான் ஓரத்துக்குப் போய்க் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வழியனுப்ப வந்த கூட்டம் மொத்தமும் கையை ஆட்டுது. எல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எது எங்கப்பான்னு தெரியலை. எல்லாருக்கும் பொதுவா கையை ஆட்டிட்டேன்."

தாத்தா திரும்பி வரவில்லை. 1963-ல் அங்கிருந்து தந்திதான் வந்தது.

இதைச் சொல்லிவிட்டு அப்பா, "நீ போய்ப் படு. காலையில இட்லி போடறானாமே, லேட்டாப் போனா தீர்ந்துடும்" என்றார். இட்லி இருந்தது. சாம்பார் இனித்தது.

இரண்டாம் நாள் போர்ட் கிளாங். துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் பால்கனிக்குப் பெரிய வேலை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கரையில் கட்டுவார்கள் என்பது கேப்டன் இஷ்டம். சில துறைமுகங்களில் கன்டெய்னர் மலையும் பளு தூக்கியும்தான் காட்சி. காசு கொடுத்துத் துறைமுக கோடௌனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று ராத்திரி, விடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, இடி இறங்கியது. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று கிளம்பி ஜலசந்தியைக் கடக்கும் சூறைக்காற்று மழை அது. அதற்குப் பெயரே 'சுமத்ரா'தான். பெரும்பாலும் விடிவதற்கு முன்னால்தான் வரும். காற்று இடப்பக்கமிருந்து அடித்ததால் எங்கள் பால்கனி கப்பலின் மறைவில் இருந்தது. இருந்தாலும் கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு, உள்ளே சோபாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். மின்னல் வெட்டும்போதெல்லாம் கடல் ஒரு விநாடி வெள்ளையாகிக் கறுத்தது. கப்பல் அசைந்த மாதிரியே இல்லை. பக்கவாட்டில் நீருக்கடியில் துடுப்பு மாதிரி இறக்கை வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தை அது அமுக்கிவிடுகிறது. மோசமான காற்றில் பால்கனிக்குப் போகாதீர்கள் என்று ஸ்பீக்கரில் சொன்னால் வீரம் காட்டாமல் கேளுங்கள்.

"இந்த மழைக்கு எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் புடவையால மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா" என்றார் அப்பா.

வயிற்றுப் புரட்டல் உள்ளவர்களுக்கு ஒரு சங்கதி. அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைசுற்றல் குறையும். அந்த வகையில் பால்கனி நல்லது. ஆனால் ஆட்டமே குறைவாக இருக்க வேண்டும் என்றால் கீழ்த் தளத்து நடு அறைதான். பால்கனிகள் மேலே இருக்கும். மேலே போகப் போக ஆட்டம் அதிகம். இதில் எது வேண்டும் என்பதை உங்கள் வயிற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மழை விட்டுப் பொழுது மெல்ல வெளுத்தது. வலப்பக்கம் பினாங்கு மலை, மேகத்தை மப்ளர் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. கப்பல் தீவைச் சுற்றி வடக்கு வாசலில் நுழைந்தது. அப்பா எழுந்து, முழங்காலை மறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் மேல்தளத்தில் முட்டி மோதிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே சத்தமில்லை. ஓட்டுக் கூரைகள், மணிக்கூண்டு, ஸ்வெட்டன்ஹாம் கப்பல் துறை. எங்களுக்கு அதிர்ஷ்டம், வலப்பக்கமே கரையில் கட்டினார்கள். கீழே கயிற்றை இழுக்கும் ஆட்கள் ஒவ்வொருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது. ஒருவன் கொட்டாவி விட்டதுகூடத் தெரிந்தது.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ உசரத்துலேர்ந்து பாத்திருந்தா, எங்கப்பா எங்க நிக்கறார்னு தெரிஞ்சிருக்கும்டா" என்றார்.

நான் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன். கெட்டில், பொட்டலம் எல்லாம் அறையிலேயே இருக்கிறது. டீ சுமார்தான். அப்பா ஒன்றும் குறை சொல்லவில்லை.

துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். அப்பா நின்று நின்று நடந்தார். வழியில் நின்ற மணிக்கூண்டு விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு அறுபதாண்டு நிறைந்ததற்காகக் கட்டியது. வருஷத்துக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். 2008-லிருந்து இந்த ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் பாரம்பரிய நகரம். அதனால் பழைய கடைவீதிகள் இன்னும் இடிபடாமல் இருக்கின்றன. மார்க்கெட் ஸ்ட்ரீட் இருக்கிறது. மளிகை மண்டி இல்லை. அப்பா காட்டிய இடத்தில் செல்போன் கடை இருந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கடைப் பையன் தமிழில், "என்ன வேணும் அங்கிள்?" என்றான். "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்றார். 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, முழங்காலுக்கு ஒரு ஜாதிக்காய்த் தைலம் வாங்கிக்கொண்டோம். பினாங்கு ஜாதிக்காய்க்குப் பேர்போன ஊர்.

மாலை கப்பல் தெற்கே திரும்பியது. என் பென்சில் கணக்குத் தப்பவில்லை. சூரியன் சரியாக எங்கள் பால்கனிக்கு நேராக விழுந்தது. அப்பா கரை இருந்த பக்கம் திரும்பி ஒரு தடவை கையை ஆட்டினார். கரை கப்பலுக்கு மறுபுறம் போயிருந்தது. எங்கள் பக்கம் வெறும் கடல்தான். நான் திருத்தவில்லை.

இனி, வாக்களித்தபடி கணக்கு.

கூடுதலாகக் கொடுத்தது 24,000 ரூபாய். நான் பால்கனியில் உட்கார்ந்தது மொத்தம் 4 மணி. அப்பா 31 மணி. ஆக 35 மணி. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 685 ரூபாய். எனக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் மணிக்கு 6,000 ரூபாய் விழும். அந்தக் காசுக்கு என்னைப் பால்கனியோடு தூக்கிச் சுமக்க வேண்டும்! அப்பாவுக்கு மட்டும் பார்த்தால் மணிக்கு 774. இதில் தினப்படி ஆளுக்கு இவ்வளவு என்று போடும் சேவைக் கட்டணம், வைஃபை, கூல்டிரிங்க்ஸ் எல்லாம் சேராது. அவை உள் அறைக்காரருக்கும் உண்டு. டிக்கெட் விலையைப் பார்த்ததும் மயங்காமல் இவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. நண்பர்கள் நாலு பேராகப் போகிறீர்களா? உள் அறை எடுங்கள். பகலில் நீச்சல் குளம், ராத்திரி டான்ஸ், விடியற்காலையில் வந்து விழுவீர்கள். உள் அறை மாதிரி கும்மிருட்டு வேறெங்கும் கிடைக்காது. மதியம் வரை தூங்கலாம். மிச்சக் காசில் கரையில் நன்றாகச் சாப்பிடலாம். தனியாகப் போகிறீர்களா? ஓர் ஆளுக்கே ஏறக்குறைய இரண்டு ஆள் காசு வாங்குகிற கப்பல்தான் அதிகம். பால்கனியில் எதிர் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்து வயிறு எரியும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களா? பால்கனி எடுங்கள். ஆனால் மேல்தளத்து ஓரத்திலிருந்தும், கேப்டன் நிற்கும் நீட்டிய மேடையிலிருந்தும் பல பால்கனிகள் தெரியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? யோசிக்காமல் பால்கனி எடுங்கள். பஃபே வரிசையிலும் ஷோ கூட்டத்திலும் அவர்களால் நிற்க முடியாது. ஒரு நாற்காலியும் கடலும் கொடுத்துவிட்டால், வீட்டில் முப்பது வருஷமாகச் சொல்லாததைச் சொல்வார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விலை என்ன என்று கேட்பார்கள். பாதி சொல்லுங்கள். எங்கள் அப்பா அதற்கே, "கொள்ளையாயிருக்கேடா!" என்றார்.